அழகு என்று சொல்லாதீங்க சிஸ்டர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு அலுத்துவிட்டது. அறுபதுகளின் நடுவில், செஞ்சியில் அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரி திறந்த புதுசு. நர்ஸ் சிஸ்டர் ஸ்பெயின்காரர். ஸ்பானிஷ் தவிர வேறு பேச வராது. டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது, இங்கிலீஷ்தான். கப்பல் சமையற்கட்டில் ஸ்பானிஷ்காரர்களோடு காலம் தள்ளிய நான் மொழிபெயர்ப்பாளனாக நடுவில் மாட்டிக்கொண்டேன்.

எந்தக் குழந்தையைத் தூக்கினாலும் சிஸ்டர் முதலில் கன்னத்தைக் கிள்ளி, "கே குவாப்போ!" என்பார். "ஹௌ ஹேண்ட்சம், சார்" என்பேன். பெண் குழந்தையென்றால் "கே போனிட்டா!" "ஹௌ பிரெட்டி, சார்." அழகெல்லாம் இருக்கட்டும், காய்ச்சல் எவ்வளவு என்று டாக்டர் எரிந்து விழுவார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாய் திறக்கவே பிடிக்காது.

தொண்டூர் அஞ்சலை தன் பையனைக் கொண்டுவந்தாள். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. தினமும் ஊசி போடாவிட்டால் பிழைக்காது என்றார் டாக்டர். முதல் ஊசி போட்டாயிற்று. மறுநாள் அவள் வரவில்லை. மூன்று பேரும் ஜீப்பில் தொண்டூருக்கே போனோம்.

அஞ்சலை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஊசிய ஒண்ணும் சொல்லல பாய். அந்தம்மா கன்னத்த கிள்ளிக் கிள்ளிப் பேசுச்சே, கண்ணு பட்டுடுச்சு. புள்ளைக்கு ராவெல்லாம் மூச்சு வாங்குது."

"அது இன்னா பேசுச்சுன்னு உனக்கு இன்னா தெரியும்?"

"பாஷ தெரியாட்டி இன்னா? மூஞ்சி சொல்லுதே!"

சிஸ்டரைத் தனியே கூப்பிட்டு, எங்கள் ஊரில் பிள்ளையை அழகு என்று சொல்லக் கூடாது, அசிங்கம் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் முகம் செத்துப்போனது. ஆனாலும் அஞ்சலையிடம் போய், பிள்ளையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "ஃபேயோ! முய் ஃபேயோ!" என்றார்.

"காக்கா மூஞ்சியாம், சகிக்கலையாம்" என்றேன் அஞ்சலையிடம். அவள் சிரித்துவிட்டுப் பிள்ளையை நீட்டினாள்.

"வாட் டிட் ஷி சே?" என்றார் டாக்டர்.

"அக்ளி, சார். வெரி அக்ளி."

நோயாளியைத் திட்டுவதா என்று அவர் குதித்தார். அவருக்கு விளக்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஊசி போட்டாயிற்று. பையன் பிழைத்தான்.

அதற்குப் பிறகு செஞ்சிப் பிள்ளைகள் எல்லாரும் சிஸ்டருக்கு ஃபேயோ, ஃபேயாதான். மொழிபெயர்ப்பு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வார்த்தை தெரிந்தால் போதாது, அது யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

பல வருஷம் கழித்து சிஸ்டர் தன் ஊருக்குத் திரும்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். படியில் கால் வைத்தவர் திரும்பி, என் கன்னத்தைக் கிள்ளினார். "அதியோஸ், ஃபேயோ."

டாக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அந்த ஒன்றை மட்டும் நான் இங்கிலீஷில் சொல்லவில்லை.