இறக்கி அடித்த பலகை

"உடம்புக்குள்ள இரும்பு கிரும்பு ஏதாச்சும் இருக்காம்மா?" என்று ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரு பெண் இன்று காலை கேட்டாள். இருக்கிறது, முதுகில் இரண்டு கம்பி, அதைப் பிடித்திருக்கும் திருகாணிகள் பதினாறு என்றேன். அவள் படிவத்திலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்தாள். "பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள்.

இந்த வார்த்தையை இருபத்தைந்து வருடமாகக் கேட்கிறேன். பாராட்டுகிறார்களா, பொய் சொல்கிறாய் என்கிறார்களா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. அதனால் பொய் என்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன். அநேகமாக அது சரியாகத்தான் இருக்கும்.

படத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வெளியே வந்து, யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துவிட்டு அதை முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், பழைய பழக்கம். ஒரு வாசனையும் இல்லை. அந்தக் காலத்து எக்ஸ்ரே படம் ஊறுகாய் ஜாடி கழுவிய தண்ணீர் மாதிரிப் புளித்த வாடை அடிக்கும். மடங்கிவிடக் கூடாது என்று அம்மா என் படங்களையெல்லாம் மெத்தைக்கு அடியில் பரப்பி வைத்திருந்தாள். அதன் மேலேதான் நான் படுத்துக்கொள்வேன். என் முதுகுக்கு அடியில் என் முதுகு.

என் முதுகெலும்பு வளைந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, சாணார்பட்டியில் எங்கள் பள்ளிக்கூடச் சீருடை தைத்த தையல்காரர். எனக்கு அப்போது பதினைந்து வயது. சட்டை ஒரு பக்கம் ஏறிக்கொண்டு நிற்கிறது, துணியைப் பாழாக்கிவிட்டாய் என்று அம்மா அவரிடம் சண்டைக்குப் போனாள். அவர் அளவு நாடாவை என் இரண்டு தோளுக்கும் குறுக்கே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏத்தா, நான் தச்சது நேராத்தான் இருக்கு. ஒம் மகதான் கோணலா இருக்கா" என்றார். அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. எனக்கு அந்த ஆள் மேல் இன்றும் மரியாதை உண்டு. என் முதுகைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மதுரையில் ஆபரேஷன். முதுகெலும்பில் பாதிக்கு மேல் ஒன்றாக இணைத்துக் கம்பி வைத்துவிட்டார்கள். அந்தப் பகுதி இனி குனியாது, திரும்பாது. டாக்டர் "எல்லாம் சரியாயிரும்" என்றார். எல்லாம் என்றால் எது எது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வளைவு போனது உண்மை. வலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அம்மா டாக்டரை மட்டும் நம்பிப் போகவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நோய் தீர்ந்தால், தீர்ந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கிக் கோயிலில் வைக்க வேண்டும். அம்மா எங்கள் ஊர் அந்தோணியாருக்கு வெள்ளியில் முதுகெலும்பு வைப்பதாக நேர்ந்திருந்தாள். திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி வந்து கடை கடையாகக் கேட்டாள். கண் இருக்கிறது, கை கால் இருக்கிறது, தொட்டில் பிள்ளைகூட இருக்கிறது. முதுகெலும்பு மட்டும் இல்லை. கடைசிக் கடைக்காரர், "அதெல்லாம் வராதும்மா. முழு ஆளா வாங்கிட்டுப் போ. எல்லா உறுப்பும் அதுலயே அடக்கம்" என்று ஒரு பெண் உருவத்தைக் கொடுத்தார். வீட்டில் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். தகடுதானே, முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. அந்த வெள்ளிக்காரிக்கு முதுகே கிடையாது.

ஒரு வருடம் போனால்தான் எலும்பு கூடியதா என்று தெரியும் என்று மதுரையில் சொல்லியிருந்தார்கள். திருவிழா நான்காவது மாதமே வந்துவிட்டது. வாங்கிய பொருளை வீட்டில் வைத்திருக்க அம்மாவுக்கு மனசில்லை. பூசை முடிந்ததும் நன்மை பெற்றவர்கள் மைக்கில் வந்து சாட்சி சொல்வார்கள். முதுகு அசையாமல் இருக்கப் பாவாடைக்கு மேல் கட்டின பெல்ட்டோடு என்னையும் நிறுத்தினார்கள். "எனக்குப் பூரண சுகம் கிடைத்தது, அந்தோணியாருக்கு நன்றி" என்று அம்மா சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன். சொல்லும்போது தோள்பட்டைக்குக் கீழே யாரோ சூட்டுக்கோலை வைத்து அழுத்தின மாதிரி இருந்தது. கூட்டம் கை தட்டியது.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "ம்மா, ரொம்ப வலிக்குதும்மா" என்றேன்.

அம்மா முன்னும் பின்னும் பார்த்தாள். "மெதுவாப் பேசுடி. இப்பத்தான மைக்குல சொல்லிட்டு வார? அவருக்குக் காது கேக்காதா?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து என் வலி வீட்டில் பேசக் கூடாத விஷயமாகிவிட்டது. வலிக்கிறது என்றால் புனிதர் ஏமாற்றினார் என்று ஆகும், இல்லையென்றால் நான் ஏமாற்றினேன் என்று ஆகும். அம்மாவுக்கு இரண்டும் ஆகாது. எனக்கு அவள் மேல் வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. கோயிலில் தன் பேர் கெடக் கூடாது என்று என் வாயைக் கட்டிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அதற்குமேல் இன்னொன்றும் செய்தாள். நான் பெல்ட்டைக் கழற்றி அடுப்படிக்குள் போக ஆரம்பித்த சமயத்தில், தனக்கு முட்டி வலி என்று சொல்ல ஆரம்பித்தாள். எதற்கெடுத்தாலும் முட்டி. தரையில் இருந்த தண்ணீர்க் குடத்தை முக்காலி மேல் ஏற்றினாள். அரிசிப் பானை ஏறியது, காய்கறிக் கூடை ஏறியது. தலைக்கு மேல் இருந்த டப்பாப் பலகையை ஆசாரியைக் கூட்டி வந்து இடுப்பு உயரத்துக்கு இறக்கி அடிக்கச் சொன்னாள். "என்னத்துக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டதற்கு, "முட்டி வலி உயிர் போகுதுடி" என்றாள். என் வலியைப் பேச விடாமல் தன் வலியைத் தண்டோரா போடுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன்பின் திண்டுக்கல் டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனேன். காலையிலிருந்து நின்றே இருக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் சேலைக் கட்டின் மேல் செத்த நேரம் சாய்ந்தால் மேனேஜர் எங்கிருந்தோ முளைப்பார். முதுகு வலி என்று சொல்லிப் பார்த்தேன். "பொங்கலுக்கு எல்லாரும் சினிமாவுக்குப் போனீங்களே, மூணு மணி நேரம் உக்காந்திருந்தியே, அங்க மட்டும் வலிக்கலையாக்கும்?" என்று மற்ற பெண்கள் முன்னால் கேட்டார். வலித்தது. வலிக்க வலிக்கத்தான் படம் பார்த்தேன். அதை எப்படிச் சொல்வது? வலிக்கிறவள் சிரிக்கக் கூடாது என்று ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது. எழுதித்தான் வைக்கவில்லை.

அந்த எரிச்சலோடு வீட்டுக்குப் போனால், அம்மா முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அது. அப்போதுதான் கோயிலில் கல் தரையில் முழு ஜெபமாலைக்கும் முட்டி போட்டுவிட்டு வந்திருந்தாள். மேனேஜர் என்னிடம் கேட்டதை அப்படியே அவளிடம் திருப்பிக் கேட்டேன். "கோயில்ல மட்டும் வலிக்கலையாக்கும்?"

அம்மா முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். "சாப்டியா?" என்றாள்.

பெண் பார்க்க வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கன்னிவாடிப் பக்கத்துச் சம்பந்தம். ஆபரேஷனை மறைக்க, முதுகு முழுக்க மூடின ரவிக்கை தைத்துப் போட்டிருந்தேன். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அத்தை, "வாரேன் தாயி" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். கை என் பிடரியிலிருந்து இடுப்பு வரைக்கும் மெதுவாக இறங்கியது. புளி வாங்குகிறவள் கொட்டை இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பது மாதிரி. பிறகு ஆள் வரவில்லை. இன்றும் யாராவது கட்டிப்பிடித்தால் அவர்கள் கை எங்கே போகிறது என்றுதான் கவனிக்கிறேன். பின்னால் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மாத்திரை போட்டாச்சா?" என்று தவறாமல் கேட்பார்.

அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. நான் சொன்னதை அவள் ஒரு நாளாவது நம்பினாளா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. படுக்கையில் கிடந்தபோது கேட்டேன். "எனக்கு வலிக்குதுன்னு சொன்னப்பல்லாம் நீ நம்புனியாம்மா?" அப்போதும், "சாப்டியா?"தான்.

இன்று படத்தை டாக்டர் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அடியில் ஒரு திருகாணி உடைந்திருக்கிறது என்றார். எப்போது உடைந்தது? "சொல்ல முடியாதும்மா. வருசக்கணக்காக்கூட இருக்கலாம்." வலிக்கு இதுதான் காரணமா? "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்." இதைத் தெரிந்துகொள்ளத்தான் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நின்றேன்.

அங்கிருந்து சாணார்பட்டிக்கு, தம்பி வீட்டுக்குப் போனேன். பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டியிருக்கிறான். அடுப்படியில் கூரை வரைக்கும் கப்போர்டு. காபி போடலாம் என்று தூள் டப்பாவுக்குக் கையைத் தூக்கினேன். பாதிக்கு மேல் கை போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

தம்பி பெண்டாட்டி பார்த்துவிட்டாள். "என்ன மதினி, முதுகா?"

முதுகு என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும். வாயில் வந்ததைச் சொன்னேன். "இல்ல, முட்டி வலி."

அவள் டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். "மேல இருக்குறத எடுக்க முட்டி எதுக்கு மதினி?"

முட்டி வலிக்காரிக்குக் குனிவதுதான் கஷ்டம். குடத்தை ஏற்றினது சரி. தலைக்கு மேல் இருந்த பலகையை எதற்கு இறக்க வேண்டும்? கையைத் தூக்க முடியாதவள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். சந்தேகப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தனை வருடம் அந்தப் பலகையிலிருந்து உப்பும் புளியும் எடுத்தேன், இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு முட்டி வலித்ததா இல்லையா என்பதும் இனி தெரியாது. வலித்திருந்தால், கோயிலில் மட்டும் வலிக்கலையாக்கும் என்று நான் கேட்டது கேட்டதுதான்.

காபி குடிக்கும்போது தம்பியிடம், "அந்த டப்பாப் பலகை என்னலே ஆச்சு?" என்றேன்.

"எந்தப் பலகைக்கா?"

"அடுப்படியில. அம்மா இறக்கி அடிச்சதே."

"ஓ, அதுவா. நல்ல வேங்கை மரம்ல அது. தளம் போடச் சென்ட்ரிங் அடிக்கக் கொத்தனார் கேட்டாருன்னு குடுத்துட்டேன்."

எந்த ஊரில் எந்த வீட்டுக் கூரைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறதோ தெரியவில்லை.