உள்சுற்றில் இருந்த படம்

நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ‘அவசர வழி’ என்று எழுதிய கதவை ஒருமுறையாவது தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா?

படக்காரியும் தள்ளிப் பார்த்ததில்லை. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெள்ளைத் துணியில் சட்டையைப் பரப்புவாள், படம் எடுப்பாள், கணினியில் சுருக்கத்தை அழிப்பாள். பிறகு அடுத்த சட்டை. ஒரு காலத்தில் மழைநீர் தேங்கிய குழியைக்கூட விடாமல் படமெடுத்தவள். இப்போது கேமராவைத் தொட்டாலே கொட்டாவி வந்தது.

பழைய சாமான் கடையில் அந்தப் பெட்டிக் கேமரா கிடைத்த பிறகுதான் மாறினாள். வயிற்றருகே பிடித்து, மேலிருந்து கண்ணாடிக்குள் குனிந்து பார்க்க வேண்டும். அகலமான பிலிம், ஒரு ரோலில் பன்னிரண்டே சதுரப் படங்கள். உடனே பார்க்க முடியாது, அழிக்கவும் முடியாது. அதனால் நன்றாகப் பார்த்த பிறகே எடுக்க வேண்டியிருந்தது. பழைய பசி திரும்பிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் தையல் கூடத்தைச் சுற்றி வந்தாள்.

“சாமிக்குக் குனியாத தலை பெட்டிக்குக் குனியுது பாரு” என்பாள் அங்கே தைக்கும் தங்கை.

“இதுல குனிஞ்சா ஏதாவது தெரியுதுடி.”

அன்று புது ரோலின் முதல் படத்துக்கு அவசரக் கதவின் முன் நின்றாள். கதவிடுக்கில் நுழைந்த வெயில் ஒரு கோடாக விழுந்து எதையோ பளபளக்க வைத்தது. அழகாக இருந்தது. கேமராவின் குமிழைத் திருப்பிக் காட்சியைத் தெளிவாக்கினாள். சங்கிலி. பூட்டு. படத்தை எடுத்த பிறகுதான் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். கதவை ஒட்டி ஆளுயரத்துக்குக் கோடு போட்ட சட்டைக் கட்டுகள். அதற்கு முன்னால் தங்கையின் மெஷின். தீப்பிடித்தால்?

“எல்லாருக்கும் தெரியும்க்கா” என்றாள் தங்கை. “திறந்திருந்தா நாம துணியைக் கடத்திடுவோமாம். ஆபீசர் செக்கிங் வர்ற அன்னிக்குக் கழட்டிடுவாங்க. நாம சொன்னா யாரு நம்புவா? போனைத்தான் கேட்லயே பிடுங்கி வச்சுக்கிறாங்களே.”

ரோல் முடியும் நேரத்தில் மேற்பார்வையாளர் வந்தார்.

“என்னம்மா எடுக்குறீங்க?”

“சும்மா வெளிச்சத்தை சார். அந்தக் கதவு பூட்டியிருக்கே?”

“வர்றது வந்தே தீரும். எல்லாம் விதி.”

கேமராவை வாங்கிப் பின்மூடியைத் திறந்து வெயிலில் காட்டினார். “அழிஞ்சிருக்கும்ல? உங்க தங்கச்சியும் இங்கதானே தைக்குது?”

விதி கடைக்குப் போய்ச் சங்கிலி வாங்குவதில்லை. வாங்கியவருக்கு ஒரு நாற்காலியும் சம்பளமும் உண்டு.

படக்காரி கேமராவை மார்போடு அணைத்து வீட்டுக்கு வந்தாள். இந்த ரோலில் பிலிமோடு வெளிச்சத்தை மறைக்கும் ஒரு கறுப்புத் தாளும் சேர்ந்தே சுற்றிக்கொள்ளும். வெயில் வெளிச்சுற்றுகளைத் தின்றிருக்கும். முதலில் எடுத்த படம் முதலில் சுற்றிக்கொண்டதால் எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கிறது. தப்பியிருக்கலாம். தப்பாமலும் போயிருக்கலாம்.

குளியலறைச் சன்னலைப் போர்வையால் அடைத்தாள். இருட்டில் தடவித் தடவிப் பிலிமை டப்பாவுக்குள் சுற்றினாள்.

“ஆச்சாக்கா?” என்றாள் வெளியே நின்ற தங்கை.

“கதவைத் திறந்துடாதே.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே உறைத்தது.

மருந்தில் கழுவிய பிலிமைத் தூக்கிப் பிடித்தாள். வெயில் பட்ட கடைசிப் படங்கள் முழுக்கக் கறுப்பு. அதற்கு முந்தியவை சாம்பல். முதல் சதுரத்தில் மட்டும், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது.

சோதனைக்கு அதிகாரி வந்த அன்று கட்டுகள் அங்கே இல்லை. மேற்பார்வையாளர் கதவை விரியத் திறந்து காட்டினார். “எப்பவும் இப்படித்தான் சார்.”

படக்காரி அச்சிட்ட படத்தை நீட்டினாள். அதிகாரி படத்தில் இருந்த கோடு போட்ட சட்டைகளைப் பார்த்தார். மெஷின்களில் பாதி தைத்துக் கிடந்த அதே கோடு போட்ட சட்டைகளைப் பார்த்தார். படம் பழையதில்லை.

“சங்கிலி எங்க?”

தங்கை மெஷினை நிறுத்தினாள்.

“அவரோட மேசைக்கு அடியில சார்.”

சங்கிலி போனது. சில நாளில் படக்காரியின் வேலையும் போனது. இப்போது தெருத் தெருவாகக் குனிந்து நின்று படமெடுக்கிறாள். ஆனால் இன்னும் அங்கேயே தைக்கும் தங்கை வீடு திரும்பும் வரை அவள் கண் சாலையிலேயே இருக்கிறது. பார்ப்பவர்கள் இல்லாத இடத்துக்குச் சங்கிலி திரும்பி வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

நாளைக்கு வேலைக்குப் போனதும் அந்தக் கதவைத் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லையா? பக்கத்தில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள்: சாவி யாரிடம் இருக்கிறது?