அரசமரம் முளைத்த காம்ப்ளக்ஸ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்துவிட்டேன். எழுதினால் சாமி குற்றம் ஆகிவிடுமோ என்ற பயம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஏதாவது தப்பாக எழுதி, அம்மன் வாக்கே பொய் என்று யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் சாலையில் மூன்று மாடி காம்ப்ளக்ஸ் ஒன்று இருந்தது. திறந்த புதிதில் நானும் வீட்டுக்காரரும் பார்க்கப் போனோம். தரை பளபளத்ததால் எல்லோரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றியிருந்தார்கள். நகரும் படிக்கட்டில் முருகா என்று சொல்லித்தான் கால் வைத்தேன். பிறகு பாலம் வந்தது. வண்டிகளெல்லாம் மேலேயே போய்விட்டன, கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

நின்றுபோன அந்தப் படிக்கட்டில் வெள்ளாடுகள் ஏறி இறங்கும். துணிக்கடைப் பொம்மை ஒன்று மாடி ஜன்னலில் கையைத் தூக்கியபடி நிற்கும். என்னால் பார்க்காமல் இருக்க முடியாது. பஸ்ஸில் போனாலும் பூட்டிக் கிடக்கிற தியேட்டர், கூரை விழுந்த அரிசி மில் தெரிகிற பக்கம்தான் உட்காருவேன். இவ்வளவு ஆசையாகக் கட்டியதை எப்படி விட்டுப் போனார்கள் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

"ஊரே கோபுரத்தப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கும். நீ இடிஞ்ச செவுத்தப் பாத்துப் போட்டுக்குவியாட்ட இருக்குது," என்பார் வீட்டுக்காரர்.

அந்தக் காம்ப்ளக்ஸின் போர்டிகோ நிழலில்தான் அவர் கரும்புச்சாறு வண்டி போட்டிருந்தார். நானும் கூட நிற்பேன். பாலத்துக்குக் கீழே வருகிற டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களும் அங்கேயே ஒதுங்குவார்கள்.

பார்த்துப் பார்த்துப் பழகியதால் அது என் கண்ணில் பட்டது. போர்டிகோவும் சுவரும் சேரும் இடத்தில் ஓர் அரசங்கன்று. வேர் இறங்கிய வழியெல்லாம் விரிசல். முதலில் நகம் நுழைந்தது, ஒரு மழைக்குப் பிறகு விரலே நுழைந்தது. வேறு செடி என்றால் யாராவது பிடுங்கியிருப்பார்கள். அரசை யார் வெட்டுவது? பூ விற்கிற அக்கா அதற்கு மஞ்சள் துணி கட்டி, வெள்ளிக்கிழமைதோறும் மாடி ஏறித் தண்ணீர் வேறு ஊற்றினார்.

"அக்கா, தண்ணி ஊத்த ஊத்த வேரு செவுத்தப் பொளக்குதுங்க."

"அப்ப நீயே போயி வெட்டிப்போட்டு வா சாமி. எனக்குப் பேரன் பேத்தி இருக்குது."

எனக்கும் கை வரவில்லை. வீட்டுக்காரரிடம் வண்டியை நகர்த்தச் சொன்னேன்.

"வெய்யில்ல நின்னு யாரு சாறு குடிப்பாங்க? அம்மங்கிட்டப் பூக் கேப்போம். செவப்பு வந்தா நகத்தறேன்," என்றார்.

வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனி வெற்றிலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டோம். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

அவருக்கு நிம்மதி. நானும் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். ஆனால் பயம் போகவில்லை. சாமி சொன்ன பிறகும் பயப்படுவது பாவமோ என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன். மறுநாள் போர்டிகோவுக்குள் கால் வைக்க முடியாமல் வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏம்புள்ள, சாமியே சொல்லிருச்சு. அப்பறம் என்ன?"

"ஆமாங்க, சொல்லிருச்சுங்க. எனக்குத்தான் முடியலீங்க. நீங்க அதுக்கடியில நின்னா எனக்குச் சோறு எறங்காதுங்க."

என்னைப் பார்த்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். "தொல்ல புடிச்சவ," என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எதிரில் இருந்த புளியமரத்தடிக்குத் தள்ளினார். பஸ்ஸுக்கு நிற்பவர்களும் சாறு குடிக்க மெல்ல மெல்ல அங்கே வந்து சேர்ந்தார்கள்.

மழை விட்ட ஒரு மதியம் போர்டிகோ விழுந்தது. லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரிச் சத்தம். அடியில் யாரும் இல்லை. புழுதி அடங்கியபோது அரசங்கன்று மட்டும் மஞ்சள் துணியோடு சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஒரு டம்ளர் சாறு பிடித்து என் கையில் கொடுத்தார்.

இன்றைக்கு ஊரில் எல்லோரும் சிவப்புப் பூ வந்தது என்றுதான் சொல்கிறார்கள். இல்லை, வெள்ளை என்று நான் சொன்னால், "அப்படிச் சொல்லாத சாமி, அம்மனுக்கு ஆகாது," என்று பூக்கார அக்கா என் வாயைப் பொத்துகிறார். அம்மன்தான் காப்பாற்றினாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பயத்தை என் வயிற்றில் வைத்தவளும் அவள்தான் என்று நம்புகிறேன். ஆனாலும் வந்தது வெள்ளைதான். விரிசல் விட்ட வேறொரு கட்டடத்தின் கீழே, வெள்ளைப் பூ வந்துவிட்டது என்று யாரோ இப்போதும் நின்றுகொண்டிருப்பார்களோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அதனால்தான் எழுதிவிட்டேன். படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். பூவின் நிறத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.