கற்பூரம் ஏற்றாத மழைக்காலம்

எங்கள் மகள் யுகேஜி படித்தபோது வாயைத் திறந்துகொண்டேதான் மூச்சு விடுவாள். "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறா, ஒரே பிடிவாதம்" என்று டீச்சர் சொல்லியனுப்பினார். பிடிவாதம் இல்லை, காது கேட்கவில்லை. தாம்பரத்துக் காது மூக்கு டாக்டர் பார்த்துவிட்டு, "மூக்குக்குப் பின்னாடி சதை வளர்ந்திருக்கும்மா, அடினாய்டு. அது அடைச்சுக்கிட்டதால காதுக்குள்ள நீர் கோத்திருக்கு" என்றார். மூக்கில் விடச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் காது தெளியவில்லையென்றால் ஆபரேஷன்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதுமே என் வீட்டுக்காரர் வேறு வைத்தியம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். யாரோ சொன்னார்கள் என்று கீழ்க்கட்டளையில் ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் போனோம். கத்தி வைக்காமலே கரைத்துவிடலாம் என்று வெள்ளை உருண்டைகள் கொடுத்தார். ஆனால் காட்டமான வாசனை பட்டால் மருந்தின் வீரியம் போய்விடுமாம்; காபி, பச்சை வெங்காயம், கற்பூரம் எதுவும் ஆகாது.

இவருக்கு அது வேதவாக்கு. வெள்ளிக்கிழமைக் கற்பூரம் நின்றது. தைல பாட்டில் எதிர்வீட்டுக்குப் போனது. சொட்டு மருந்திலும் ஏதோ வாடை வருகிறது என்று அதையும் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார்.

எதிர்வீட்டு அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாம்மா, சாமிக்கே கற்பூரத்த கட் பண்ணிக்கினு ஒரு வைத்தியமா? பேஜாரா கீதே!"

"சாமி பொறுத்துக்கும்க்கா. புள்ள காது பொறுக்காது."

"அப்ப அந்த சொட்டு இன்னா பாவம் பண்ணுச்சு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே மகளைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்து டாக்டரிடம் ஓடினேன்.

"உருண்டைய குடுக்காதீங்கன்னு சொல்லல. சொட்டு மருந்த ஏம்மா நிறுத்துனீங்க?" என்றார் அவர். "வயசு ஏற ஏற அந்தச் சதை தானா சுருங்கும். ஆனா அதுவரைக்கும் காது மந்தமாவே இருந்தா பேச்சும் படிப்பும் பின்தங்கிடுமே."

மறுபடி சொட்டு ஆரம்பித்தது. கட்டில் விளிம்பில் மகளின் தலையைத் தொங்கவிட்டு நான் மருந்து விடுவேன். இவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கத்திக் கத்திக் கதை சொல்வார்.

மழை ஓய்ந்த ஒரு மத்தியானம், அவள் பின்னால் நின்று வலது காதைப் பொத்தி, "பிஸ்கெட் வேணுமா?" என்று கிசுகிசுத்தேன்.

"வேணும்!"

இவர் முகம் மலர்ந்துவிட்டது. இடது காதைப் பொத்தி அதையே கேட்டேன். நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை என்று நினைத்து, மகள் அசையாமல் காத்துக்கொண்டிருந்தாள்.