ஐப்பசிக்குக் காத்திருந்த நாற்பதாயிரம்

மாடக்கண்ணுவுக்கு வருடம் ஆனியில்தான் பிறக்கும். ஐந்தருவிப் பக்கம் சீசன் பழக்கடை போட ஆரம்பித்து இருபத்திரண்டு வருடமாகிறது. சாரல் என்றைக்கு இறங்கியது, அருவியில் எத்தனை நாள் தண்ணீர் விழுந்தது, மங்குஸ்தான் எந்த வாரம் ஓடியது என்று எல்லாவற்றையும் தமிழ் மாதக் கணக்கில் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். அடுத்த சீசனுக்குக் கடையை ஏலத்தில் என்ன தொகைக்குக் கேட்கலாம் என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

இந்த வருடம் அதே நோட்டில் கிரிப்டோவும் ஏறியது. தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜோயல், ஒரு நாணயத்தின் பத்து வருட மாதவாரி ஏற்ற இறக்கத்தை அச்செடுத்துக் கொடுத்திருந்தான். மாடக்கண்ணு கட்டம் போட்டு அதைத் தன் கணக்குக்கு மாற்றினார். அக்டோபருக்கு ஐப்பசி, நவம்பருக்குக் கார்த்திகை. சராசரியில் ஐப்பசிதான் உச்சம், நூற்றுக்கு முப்பத்திரண்டு ஏற்றம். அடுத்த சீசன் கடைக்கு முன்பணமாக எடுத்துவைத்திருந்த நாற்பதாயிரத்தை ஐப்பசி ஒன்றாம் தேதி அப்படியே போட்டுவிடுவது என்று தீர்மானித்தார்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம். சீசன் ஓய்ந்து, கடையில் நாலு பன்னீர்க்கொய்யாதான் மிச்சம். இலஞ்சியிலிருந்து சோற்றுத் தூக்கோடு வந்த மனைவி தங்கத்தாய் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“ஐப்பசி ஒண்ணு என்னைக்கு வருது?”

“அக்டோபர் பதினெட்டு.”

“அப்பம் அக்டோபர்ல பாதி போயிருமே. ஆடி பாதியில கடை எடுத்து எவனாவது பொழச்சிருக்கானா?”

மாடக்கண்ணு பென்சிலைக் காதில் செருகினார். இத்தனை நாளாக அது அவருக்கு உறைக்கவில்லை.

“சரிட்டி, அக்டோபர் ஒண்ணாந்தேதியே போட்டுருதேன்.”

“கடை கேக்கையில நல்ல வருசத்தை மட்டுமா பாப்பிய? தண்ணி விழாத வருசத்தையில்லா மொதல்ல எண்ணுவிய. இங்கன எண்ணுனியளா?”

எண்ணவில்லை. இப்போது எண்ணினார். பத்து அக்டோபரில் ஆறு இறக்கம். ஒரே ஒரு வருடம் விலை ஒன்றுக்கு நாலாகியிருந்தது. சராசரியைத் தூக்கிப் பிடித்திருந்தது அது ஒன்றுதான். அதை விரலால் மறைத்துவிட்டுக் கூட்டினால், மற்ற மாதங்களைப் போல அக்டோபரும் ஒரு மாதம். பத்து வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஏற்றந்தான். ஆனால் நடுவே விலை பாதிக்கும் கீழே போய், இரண்டு வருடம் எழுந்திருக்காமல் கிடந்த காலமும் இருந்தது.

“முன்பணம் இல்லாம அந்த ரெண்டு வருசம் நான் எங்கன போயி நிக்க?” என்றார்.

“அதத்தான் நானும் கேக்கேன். சோத்தைத் தின்னுங்க.”

சாப்பிட்டு முடிப்பதற்குள் வழி பிடிபட்டுவிட்டது. நாற்பதாயிரம் கடைக்கு. மாதம் பார்க்காமல், ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் ஆயிரம் மட்டும் நாணயத்துக்கு. அது போனாலும் கடை நிற்கும்.

இரண்டு நாள் கழித்து, அக்டோபர் ஒன்றாம் தேதி, ஜோயல் கடையில் உட்கார்ந்து முதல் ஆயிரத்தைப் போட்டார்.

“அண்ணாச்சி, இவ்வளவுதானா?”

“அடுத்த மாசமும் வருவம்லே.”

சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் விலை சரிந்தது. மாடக்கண்ணு நோட்டை எடுத்து, சாரல் பொய்த்த நாளுக்குப் போடுகிற அதே சிறு கோட்டைப் போட்டார். பிறகு கடையில் மிச்சமாகி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பன்னீர்க்கொய்யாவில் ஒன்றைத் துடைத்து, பாதியைத் தங்கத்தாயிடம் நீட்டினார்.