அரைவேக்காட்டுக் கல்

என் அக்காவுக்கு அழுக்கு ஆகாது. கல்யாணப் போட்டோவிலேயே அத்தானின் காலரைத் துடைத்தபடிதான் நிற்பாள். பாறை ஆராய்ச்சி அலுவலகத்தில் அவளுக்குப் பெருக்கித் துடைக்கும் வேலை. எனக்குத் தேநீர் கொடுக்கும் வேலை. ஆறு வருடமாக அவள் தற்காலிகம்தான். நிரந்தரமாக்கும் காகிதம் அதிகாரியின் பையிலேயே ஒரு மாதமாகக் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

அவர் மனம் குளிரட்டும் என்று அக்கா கல்லைக் குளிப்பாட்டினாள். அவர் அறையில் மண்ணோடு கிடந்த கற்களையெல்லாம் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, வரிசையாகக் காயவைத்தாள்.

அதிகாரி வந்தார். நான் தட்டோடு கதவோரம் நின்றேன்.

"அம்புக்குறியெல்லாம் எங்கம்மா?"

"அந்தக் கிறுக்கலா சார்? போவேனான்னுச்சு. பிரஷ்ஷால நாலு தேய் தேய்ச்சேன், போயிடுச்சு."

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மலையில் ஒவ்வொரு கல்லும் எப்படி இருந்தது, எது மேல், எது வடக்கு என்று காட்டும் குறிகளாம் அவை. என்றோ படிந்த சேறு பூமிக்கடியில் நசுங்கி, மடிந்து, மறுபடியும் மடிந்து கல்லானதாம். எந்த மடிப்பு முதலில் விழுந்தது என்று கண்டுபிடிக்க மூன்று வருடம் அலைந்திருக்கிறார்.

"பூமிச் சூட்டுல முழுசா வெந்த பாறைன்னா பழைய மடிப்பெல்லாம் மறந்திருக்கும். இது அரைவேக்காடு!" என்று கத்தினார்.

அக்கா காதில் கடைசி வார்த்தைதான் விழுந்தது. "ஆறு வருஷம் துடைச்சதுக்கு அரைவேக்காடா சார் நான்?"

"ஐயோ, கல்லைச் சொன்னேம்மா!"

"கல்லோ நானோ, எங்கேருந்து பேத்தீங்களோ அங்க கூட்டிட்டுப் போங்க. பொருத்திக் காட்டறேன்."

மறுநாள் ஜீப்பில் மலைக்குப் போனோம். நான் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டேன். நோட்டைப் பார்த்து அவர் பள்ளத்தைக் காட்டுவார். அக்கா அதைத் தடவிப் பார்ப்பாள். "இதுக்கு மூக்கு நீண்ட கல்லு. என் நகத்தை உடைச்சதே, அது" என்று மூட்டைக்குள் கைவிடுவாள். பல்செட் மாதிரிப் பொருந்தும். அவர் ஓடிவந்து அம்பு போடுவார்.

சாயங்காலம் நோட்டிலிருந்த முப்பது பள்ளமும் நிறைந்தது. மூட்டையில் ஒரு கல் மிச்சம்.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நோட்ல எழுத மறந்துட்டேன் போல. இதுலதான்மா விஷயமே இருக்கு. மூணாவது மடிப்பு!" அரைமணி நேரம் சரிவில் தவழ்ந்து தவழ்ந்து பள்ளம் தேடினார்.

எனக்கு அந்தக் கல்லைத் தெரியும். அக்காவைக் கிள்ளினேன்.

"சார், அது உங்க ரூம் கதவுக்கு முட்டு வைக்கிற கல்லு. அழுக்கா இருந்துச்சேன்னு சேர்த்துக் கழுவிட்டேன்."

ஜீப் ஓட்டுநர் அந்தப் பக்கம் திரும்பி இருமினார். அதிகாரி முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார். "இது ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம்மா."

"எனக்கெதுக்கு சார் ஊர்வம்பு? ஆமா, அந்தக் காகிதம் பையிலதானே இருக்கு?"

அந்தக் கல்லின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கல் மறுபடியும் கதவுக்கு முட்டாகிவிட்டது. திரும்பி வரும் வழியில் அவர் கைமறதியாகப் போட்ட அம்புக்குறி ஒன்று அதில் இருக்கிறது. அக்கா தினமும் அந்தக் குறியைச் சுற்றித்தான் துடைக்கிறாள்.