கையை எடுக்கும் முன்

நீச்சல் குளம் பூட்டிக் கிடக்கும் குளிர்காலத்தில்தான் அப்பா போனார். சாவதற்குக்கூட மனிதர் ஒரு வகுப்பைத் தவறவிடவில்லை என்று, அவர் நீச்சல் சொல்லிக்கொடுத்த சங்கத்தில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அதையே தமிழில் குக்கரிடம் சொன்னேன். அது விசிலடித்தது. இந்த ஊரில் இப்போது நான் தமிழில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் ஒரே ஜீவன் அதுதான்.

கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டில் அம்மா போனபிறகு நாங்கள் இரண்டு பேர். கல்யாணம் என்கிற ஆழமான பக்கத்துக்கு நான் போகவே இல்லை. அலுவலகத்தில் வங்காளம், அஞ்சல் எல்லாம் ஆங்கிலம், டாக்ஸிக்காரரிடம் இந்தி, வீட்டுக்குள் திருநெல்வேலி. அந்த நாலாவதுதான் இப்போது பூட்டிக் கிடக்கிறது. உறவுக்காரர்கள் காலையில் அனுப்பும் ரோஜாப்பூ வணக்கங்களைத் தமிழ் என்று கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை.

அப்பா மத்திய அரசு வேலையில் மாற்றலாகி இங்கே வந்தவர். ஏரிக்கரையில் இருந்த சங்கத்தில் முதலில் தனக்காகத்தான் நீந்தப் போனார். கரையில் நடுங்கிக்கொண்டு நின்ற யாரோ ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார். அதோடு போயிற்று. அலுவலகத்துக்கு முன்னால் தினமும் காலை வகுப்பு. சம்பளம் கிடையாது, ஒரு கோப்பை டீ உண்டு. அடுத்த மாற்றல் உத்தரவு வந்தபோது, பாதி கற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்டு, பதவி உயர்வையும் சேர்த்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பாதி கற்ற பிள்ளைகள் எல்லா வருஷமும் இருந்தார்கள். ஆகவே நாங்களும் இங்கேயே இருந்துவிட்டோம்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. முதல் பாடம் மிதப்பது. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து முதுகுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். மற்ற பயிற்சியாளர்கள் "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நைஸாகக் கையை எடுத்துவிடுவார்கள். பிள்ளை மிதந்துவிடும், பிறகு ஜென்மத்துக்கும் அந்த ஆளை நம்பாது. அப்பா அப்படிச் செய்யமாட்டார். எடுப்பதற்கு முன்னால் சொல்வார். அதுவும் தமிழில்தான்.

"கைய எடுக்கப் போறேம்லே."

நீச்சலை நெல்லையில் கற்றவருக்கு அந்த வார்த்தை மட்டும் வங்காளத்தில் வரவில்லை. பெண் பிள்ளைகளுக்கும் அதே 'லே'தான். அம்மா ஒருமுறை கண்டித்தபோது, "தண்ணிக்குள்ள எல்லாம் லேதான், கரைக்கு வந்தபொறவு பாத்துக்கிடலாம்" என்றார். பெஹாலாவிலிருந்தும் பாலிகஞ்சிலிருந்தும் வந்த பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரு வாக்கியத்தைத் தெரிந்துவைத்திருந்தார்கள். அதைக் கேட்டால் மூச்சை இழுத்துக்கொண்டு மிதந்தார்கள்.

என்னைத் தவிர.

நான் அதைக் கேட்டதும், "வேண்டாம்ப்பா, எடுக்காதீங்க" என்பேன். எடுக்கமாட்டார். "ஒடம்பக் கல்லு மாரி வச்சிருக்கியேலே, லேசா விடு" என்பார். விடமாட்டேன். மறுநாளும் இதேதான். எனக்கும் அவருக்கும் நடுவில் அது ஒரு ஏற்பாடு மாதிரி ஆகிவிட்டது. அவர் சொல்வார், நான் வேண்டாம் என்பேன், கை அங்கேயே இருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது, படிக்கவேண்டும் என்று கரையேறியவன் திரும்ப இறங்கவே இல்லை. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. ஊரில் பாதிப்பேருக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவரின் மகன் குளியலறையில் வாளியைப் பார்த்தே ஓர் அடி தள்ளி நிற்பவன் என்பது எங்கள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துச் செயலாளர், சந்தேஷ் என்கிற பால் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அப்பாவின் நாற்காலியில் உட்காராமல் கவனமாக வேறொன்றில் உட்கார்ந்தார். அவர் பேசிய வங்காளத்தை என் தமிழில் தருகிறேன்.

"குளம் தொறக்கிற அன்னைக்கு ஒங்க அப்பாதான் முதல்ல எறங்குவாரு. புதுப் பிள்ளைங்க முன்னாடி மிதந்து காட்டுவாரு. தெரியுமில்ல?"

"தெரியும் தாதா" என்றேன். இந்த ஊரில் தாதா என்றால் அண்ணன்.

"இந்த வருஷம் அந்த எடத்துல யாருன்னு கமிட்டியில பேச்சு வந்தது. பேச என்ன இருக்கு, மகன் இருக்காரேன்னு சொல்லிட்டேன். ஒங்களுக்கு ரத்தத்துலயே ஓடுமே."

என் ரத்தம் அந்த நேரத்தில் ஓடவில்லை, உறைந்து நின்றது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சந்தேஷை நீட்டினார். வாயில் வாங்கிக்கொண்டேன். வாய் நிறைய இனிப்போடு தலையை ஆட்டினால் இந்த ஊரில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். எந்த ஊரிலும் அதுதான் அர்த்தம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி மானமுள்ளவன் எழுதமாட்டான். கைபேசியில் காலவைசாகிப் புயல் வருமா என்று மணிக்கொரு தரம் பார்த்தேன். வங்காளத்துச் சனங்களின் கூரை போனாலும் பரவாயில்லை, குளம் திறக்காமல் இருந்தால் சரி என்ற அளவுக்கு நல்லவனாக இருந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். மருத்துவர் 'அருமையாக இருக்கிறது' என்று கைகொடுத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. கரியாஹாட் நடைபாதைக் கடையில் நீச்சல் உடை கேட்டதும் கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கவலைப்படாதீங்க, ரப்பர் நல்லா இழுக்கும்" என்றார். வாளியில் முகத்தை முக்கிப் பயிற்சி எடுத்தபோது பதறி நிமிர்ந்து குழாயில் தலையை இடித்துக்கொண்டேன். மூழ்காமலேயே காயம் பட்ட முதல் நீச்சல்காரன் நான்தான்.

கடைசியில் கட்டிலில் மல்லாக்கப் படுத்து மிதந்து பார்த்தேன். கட்டிலில் நான் அபாரமாக மிதக்கிறேன். கைகால்களை விரித்து, கண்ணை மூடி, பழக்க தோஷத்தில் காத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லட்டும் என்று.

வீட்டில் சத்தமே இல்லை. மின்விசிறிகூட ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள், பார்வையாளர் நேரத்தில், அவர் கை என் கைக்குள் இருந்தது. நான் செயலாளர் மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது பிடிக்கும். பாதியில் நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டார். நான் பேச்சை நிறுத்தாமல் இன்னும் இரண்டு வரி பேசினேன். பிறகுதான் குனிந்து பார்த்தேன். கை என் கைக்குள்ளேயே இருந்தது, ஆனால் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். அவர் சொல்லாமல் எடுத்தது அந்த ஒரு தடவைதான்.

குளம் திறக்கும் நாள் வந்தது. புயல் வரவில்லை. அப்பாவின் படத்துக்கு ரஜனிகந்தா மாலை போட்டிருந்தார்கள். தோளில் ரப்பர் வளையங்களோடு புதுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நான் துண்டை எவ்வளவு நேரம் போர்த்திக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேரம் போர்த்திக்கொண்டிருந்தேன்.

ஆழமில்லாத பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் இப்போதைய பயிற்சியாளர் நின்றிருந்தாள். பிள்ளைகளுக்குத் திதி, அதாவது அக்கா. சின்ன வயதில் என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவள். என்னைவிட மிகவும் சிறியவள், என்னைவிட மிகவும் முன்னதாகக் கற்றவள். அவளை மறந்தே போயிருந்தேன். நான் படியில் கால் வைத்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"தாதா, அப்புறமாவது கத்துக்கிட்டீங்களா?" என்று வங்காளத்தில் கிசுகிசுத்தாள்.

"இல்ல."

"செயலாளருக்குத் தெரியுமா?"

"சந்தேஷ் குடுத்துட்டாரு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்து, ஸார், அதாவது என் அப்பா, எப்படி மிதந்து காட்டுவார் என்று உரக்கப் பேச ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே எனக்குச் சைகை காட்டினாள். திரும்பினேன், சாய்ந்தேன். தண்ணீருக்குள், யாருக்கும் தெரியாமல், என் முதுகுக்கு அடியில் ஓர் உள்ளங்கை வந்து உட்கார்ந்தது.

காதுக்குள் தண்ணீர் ஏறியதும் ஊர்ச்சத்தம் நின்றுவிட்டது. மேலே வெளிறிய வானம், ஓரத்தில் ஒரு கிருஷ்ணசூடா கிளை. நெஞ்சு மட்டும் பம்பு செட் மாதிரி அடித்துக்கொண்டது. கரையில் நிற்பவர்களுக்கு நான் மிதப்பதாகத் தெரிந்திருக்கும். கைதட்டியிருக்கலாம். அப்படியே அதோடு எழுந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

அவள் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தைச் சொன்னாள். வங்காளத்து நாக்கில் ஒவ்வொரு எழுத்தும் சற்று உருண்டு வந்தது.

"கொய் எடுக்கப் போறேம்லே."

இந்த மாதங்களில் என்னை யாரும் லே என்று கூப்பிடவில்லை. இனிக் கூப்பிட உலகத்தில் ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.

"வேண்டாம், எடுக்காதே, இரு" என்றேன். யோசிக்காமல் தமிழில்தான் வந்தது.

அப்பாவுக்கு அது புரியும். அவளுக்குப் புரியவில்லை. ஸாரின் முறைப்படி சொல்லிவிட்டாள், முறைப்படி எடுத்துவிட்டாள்.

முதுகில் இப்போது தண்ணீர் மட்டும் இருந்தது. உடம்பைக் கல்லாக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. கிளை அதே இடத்தில் இருந்தது. நானும் அதே இடத்தில் இருந்தேன். அடியில் யாரும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

பிறகு, மிதக்கிறோமே என்று நினைத்தேன். நினைத்ததும் முழுகினேன். மூக்கு வழியாகக் குடித்து, எழுந்து, இருமி, மூக்குக்கண்ணாடி இல்லாமல் செயலாளர் என்று நினைத்து ஒரு தூணைப் பார்த்துக் கும்பிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செயலாளர், நான் வேடிக்கைக்காகச் செய்ததாக எண்ணி, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கல்கத்தாவில் என் வேடிக்கைக்கு இவ்வளவு சிரிப்பு கிடைத்தது அன்றைக்குத்தான். முன்னால் நின்று அழுதுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண், இவரே பிழைத்துவிட்டாரே என்று பார்த்துவிட்டுப் படியில் இறங்கினாள்.

திதி அவள் முதுகுக்கு அடியில் கையை வைத்தாள். கொஞ்சம் பொறுத்து, அதே வாக்கியம், அதே லே.

நான் துண்டைத் தேடிக் கரையேறியிருக்க வேண்டும். ஏறினேன், படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு வரிசையின் வாலில் போய் நின்றுகொண்டேன். எனக்கு முன்னால் வாத்து வளையம் மாட்டியிருந்த பொடியன் திரும்பிப் பார்த்து, சித்தப்பா முறை வைத்துக் கேட்டான்.

"காகு, ஒங்க முறை முடிஞ்சிருச்சே?"

"இன்னொரு தடவை அதக் கேக்கணும்" என்றேன், தமிழிலேயே. "நீ முன்னால பாத்து நில்லுலே."

அவனுக்கு எதுவும் புரியவில்லை. முன்னால் பார்த்து நின்றான்.